சாம்பல் தட்டில் பதினேழு தீக்குச்சிகள்

"இது புகையிலையா, மெத்தையில அடைக்கிற பஞ்சா?"

எஸ்டேட் ஐயா இப்படிக் கேட்டபோது நான் காப்பித் தட்டோடு வராந்தாக் கதவின் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். தட்டில் நாலு டம்ளர். நாலும் ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் போட்டன. அந்த நடுக்கம் எனக்கு வயசால் வந்ததில்லை. சின்ன வயசிலிருந்தே உண்டு. ஆள் கூட்டத்தைப் பார்த்தால் கை தானாக ஆடும்.

மைசூரில், யாதவகிரியில், ஜகந்நாதன் சார் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வராந்தாவில் நாலு பிரம்பு நாற்காலி, நடுவில் ஒரு சின்ன மேஜை. மேஜை மேல் ஒரு தகர டப்பா திறந்து கிடந்தது. அதற்குள் கரும்பழுப்பாக, தீப்பெட்டி அகலத்தில், கெட்டி அட்டை கனத்தில், வில்லை வில்லையாகப் புகையிலை. பைப்பில் அடைத்துப் பிடிக்கிற புகையிலை.

அதற்கு இலை உரித்தது நான். அழுத்தியது நான். கத்தி வைத்து வில்லை போட்டதும் நான்தான்.

அதைத்தான் அவர் பஞ்சு என்றார்.

நாலு நாற்காலி

வந்திருந்தவர்கள் மூன்று பேர். எஸ்டேட் ஐயா குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்து, மகன் கையில் கொடுத்துவிட்டு மைசூருக்கு வந்தவர். கறுப்பாகக் காட்டமாக இருந்தால்தான் அது புகையிலை என்பார். இரண்டாமவர் மிலிட்டரி டாக்டர், ரிட்டையர் ஆனவர். நோயாளிகளிடம் புகை பிடிக்காதே என்று சொல்லிச் சொல்லியே வாய் வறண்டுபோய்த் தான் பைப் பிடிப்பதாகச் சொல்வார். மூன்றாமவர் காலேஜ் ஐயா. சரித்திரப் பாடம் நடத்தியவர். பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார். வீட்டில் மணி ஏது?

நாலாவது நாற்காலி எங்கள் சாருடையது. சாரின் அப்பா ரயில்வே வேலையாக இந்த ஊருக்கு வந்தவர். சார் ஹுன்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு இலை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்து, வேலையை விட்ட பிறகு வீட்டுப் பின்கட்டில் சொந்தமாகப் பைப் புகையிலை தயாரிக்க ஆரம்பித்தார்.

"காட்டமான இலையா இருபது வருஷம் வாங்கிக் கொடுத்தாச்சு மாதம்மா. இனிமே காலையில காப்பியோட பிடிக்கிற மாதிரி, சொல்ப சாதுவா ஒண்ணு போடணும்" என்பார். 'கொஞ்சம்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சாருக்குக் கன்னடத்து 'சொல்ப'தான் வாயில் வரும்.

மற்ற மூவரும் பேசியது பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். எனக்கு விளங்கியதைத் தமிழில் எழுதுகிறேன். அஞ்சாங் கிளாஸ் படித்தவள் எழுதுவது. சொல் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அபிப்பிராய நோட்டு

சார் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேஜை மேல் வைத்திருந்தார். பிடித்துப் பார்த்துவிட்டு மூவரும் அதில் அபிப்பிராயம் எழுத வேண்டும். வாயால் சொன்னால் சிநேகத்துக்காகப் பொய் வரும், எழுதினால் வராது என்பது சாரின் நம்பிக்கை.

அவர்கள் போனதும் சார் குளித்துவிட்டு வந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எனக்கும் சரோஜம்மாவுக்கும் படித்துச் சொல்வார். சரோஜம்மா சாரின் மனைவி. புகை பிடித்தால் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

முதல் ஞாயிறு எஸ்டேட் ஐயா எழுதியது: "இதில் ஒன்றும் இல்லை."

டாக்டர் எழுதியது: "சாது என்று சொன்னீர்கள். நாக்கைக் கடிக்கிறது. பகலில் சோறு உறைக்கும்."

காலேஜ் ஐயா மட்டும் அரைப் பக்கம். "முதலில் வெயிலில் காய்ந்த புல். பிறகு உலர்ந்த திராட்சை. கடைசியில், பேக்கரி வாசலைக் கடந்து போகிற மாதிரி ரொட்டி வாசனை. எனக்குப் பிடித்திருக்கிறது."

சார் நோட்டை மூடினார். "ஒருத்தருக்கு ஒண்ணுமே இல்ல. ஒருத்தருக்கு நாக்கு எரியுது. ஒருத்தருக்கு பேக்கரி. மூணு பேரும் ஒரே டப்பாவுலதானே எடுத்தாங்க?"

"என் அபிப்பிராயம் எழுதிக்குங்க" என்றார் சரோஜம்மா. "இதுவரைக்கும் நீங்க போட்டதுல, திரைச்சீலையைத் துவைக்க வைக்காத புகையிலை இது ஒண்ணுதான்."

ஊமச்சிக்குக் கிடைத்த அறை

அந்த நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தத் தொடரில் இரண்டு வாரம் முன்பு, நான் முதலில் வேலை பார்த்த ஊதுபத்திக் கிடங்கைப் பற்றி எழுதியிருந்தேன். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பத்தி தேய்க்கிற இடம். எங்களுக்குச் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். வீட்டுக்காரர் கொத்து வேலைக்காக மைசூருக்கு வந்தார், நான் பின்னால் வந்தேன். கிடங்கில் வேலை கஷ்டமில்லை. பேச்சுதான் கஷ்டம். நாற்பது பேரும் நாள் முழுக்கப் பேசுவார்கள். நான் வாய் திறக்காததால் எனக்கு 'ஊமச்சி' என்று பேர். "ஊமச்சி சிரிச்சுட்டாடி" என்று ஒருத்தி சொன்னால் நாற்பது முகமும் திரும்பும். அன்றைக்குச் சோறு இறங்காது.

அங்கே மூக்கு மட்டும் எனக்கு நன்றாகக் கூர்மையாகிவிட்டது. எந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் சார் என்னை இலை பார்க்கக் கூப்பிட்டார்.

பின்கட்டில் ஒரே அறை. ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பலாமரம். உள்ளே நானும் இலையும் மட்டும். அந்த அறைக்குள் பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது, வாசனை சோப்பு போடக்கூடாது. புகையிலை எதையும் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர ஒரு கட்டுப்பாடும் இல்லை. காலையில் கதவைச் சாத்தினால் சாயங்காலம் வரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

எனக்கு அது கோயில் மாதிரி இருந்தது. கோயிலில்கூடக் கூட்டம் இருக்கும்.

இட்லிப் பானை

செய்முறை பெரிய வித்தை இல்லை. ஹுன்சூரிலிருந்து எலுமிச்சம்பழ நிறத்தில் இலை வரும். நடு நரம்பை உருவிப்போட வேண்டும். தண்ணீர் தெளித்து, ஆவி காட்டி, ஈரம் பதமாக இருக்கும்போது மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். நடுவில் கறுப்பு இலை ஒரு கை அளவு, உப்பு போடுகிற மாதிரி. மேலே பலகை வைத்து, இரும்புத் திருகை இறுக்க வேண்டும். அந்த இரும்பு பிரஸ், புத்தகம் பைண்டிங் செய்கிற ஒருவரிடமிருந்து இரவலாக வந்தது. தினமும் காலையில் அரைச் சுற்று இறுக்குவேன். மஞ்சள் இலை நாளாக ஆகப் பழுப்பாகி, வெல்லம் போட்ட பானையைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வாசனை வரும்.

ஆவி காட்டுவதற்கு சரோஜம்மாவின் பெரிய இட்லிப் பானையை சார் எடுத்து வந்துவிட்டார். அது திரும்ப அடுப்படிக்குப் போகவே இல்லை. விருந்தாளி வந்து டிபன் கேட்டால் சரோஜம்மா, "இட்லியா? பின்கட்டுல வேகுது. தீப்பெட்டி கொண்டுவாங்க" என்பார்.

இரண்டாவது ஞாயிறும் நோட்டில் அதே கதைதான். "ஒன்றும் இல்லை." "நாக்கு எரிகிறது." காலேஜ் ஐயா மட்டும் முக்கால் பக்கம்.

சார் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாதம்மா, அடுத்த ஞாயிறு பார்ப்போம். மூணு பேர்ல ரெண்டு பேராவது நல்லாருக்குன்னு சொல்லலேன்னா விட்டுடலாம். இந்த பிரஸ்ஸைத் திரும்பக் கேக்கறார் பைண்டிங்காரர். அதுக்கு மறுநாள் திங்கக்கிழமை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன். உனக்கு ஊதுபத்திக் கிடங்குல நான் சொல்லிடறேன், பயப்படாதே."

பயப்படாதே என்று அவர் சொன்ன இடம்தான் எனக்குப் பயம்.

வீட்டுக்காரர் சொன்னது

அன்று சாயங்காலம் டப்பாவில் சேராத ஓரத் துணுக்கைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டுக்காரர் பீடி பிடிப்பவர். ஒரு பீடியைப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, இதை அடைத்துச் சுருட்டி, பற்றவைத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போக இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"ஏ புள்ள, இதுல என்ன கெடக்குது? வைக்கப்போரு பொகையறாட்டம் இருக்குது."

"மெதுவா இழுத்துப் பாருங்."

"மெதுவா இழுத்தா பீடி அணைஞ்சு போகுமாக்கும்!"

மறுபடி இழுத்துவிட்டு நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தார். "எரியுது புள்ள. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு எரியுது?"

அந்த ஒரு கேள்வியிலேயே நான் நின்றுவிட்டேன். ஒன்றும் இல்லை என்கிறவரும் இவர்தான். எரிகிறது என்கிறவரும் இவர்தான். எஸ்டேட் ஐயாவும் டாக்டரும் ஒரே ஆளாக வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தட்டில் இருந்தது

அந்த வீட்டில் சாம்பல் தட்டுகளைக் கழுவி வைப்பது நான். இரண்டாவது ஞாயிறு வந்தவர்களின் மூன்று தட்டும் இன்னும் கொட்டாமல் பின்கட்டில் இருந்தன. திங்கட்கிழமை காலை கொட்டுவதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

காலேஜ் ஐயா தட்டில் சாம்பல் வெண்மையாக, விபூதி மாதிரி. தீக்குச்சி மூன்று.

டாக்டர் தட்டில் கறுப்புக் கட்டிகள், பத்துப் பன்னிரண்டு குச்சி.

எஸ்டேட் ஐயா தட்டில் குச்சி பதினேழு. என் வில்லை பாதி எரியாமல், மடித்த மடிப்புகூடக் கலையாமல் அப்படியே கிடந்தது. நான் கத்தி போட்ட விளிம்பு தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வில்லையை உதிர்க்கவே இல்லை.

எங்கள் சார் எப்படிப் பிடிப்பார் என்றால், ஒரு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையின் அடிப்பாகத்தால் தேய்ப்பார். நூல் நூலாக உதிரும். அதை ஒரு மூடியில் பரப்பிவிட்டுப் பேப்பர் படிப்பார். அரைமணி கழித்துத்தான் பைப்பில் அடைப்பார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர்களோ உதிரியாக வருகிற புகையிலைக்குப் பழகினவர்கள். கட்டியை அப்படியே மடித்துத் திணித்து, அணைய அணையப் பற்றவைத்து, காட்டம் வரவில்லையே என்று இன்னும் பலமாக இழுத்து, நாக்கைப் பொசுக்கிக்கொண்டார்கள். காலேஜ் ஐயாவுக்குப் பேசும்போது கை சும்மா இருக்காது. சாக்பீஸ் பிடித்துப் பழகின கை, வில்லையைப் பிய்த்துப் பிய்த்துப் பொடியாக்கிவிடும். பேச்சு முடிகிறதுக்குள் அதுவும் காய்ந்துவிடும்.

சாரிடம் போய்ச் சொன்னால் முடிந்தது. சொல்ல முடியவில்லை. மூன்று நாள் வாய் வரை வந்து திரும்பிப் போயிற்று. வியாழக்கிழமை எப்படியோ, "அவங்க உதிர்க்கறதில்லைங்க" என்றேன்.

சார் சிரித்தார். "சேச்சே. முப்பது வருஷமா பைப் பிடிக்கிறவங்க. பைப் பிடிக்கிறவனுக்கு எப்படி அடைக்கணும்னு சொல்லித் தரக்கூடாதும்மா. அடைக்கும்போது முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். அது ஒரு மரியாதை."

அவருக்குச் சொல்ல மரியாதை தடுத்தது. அவர்களுக்குக் கேட்கக் கௌரவம் தடுத்தது. இரண்டுக்கும் நடுவில் என் அறை போகப்போகிறது.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "சொல்லிப்போடு புள்ள. அவிங்க என்ன புலியா?" என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார். புலி என்றால்கூடப் பேச வேண்டியதில்லையே.

மூன்றாவது ஞாயிறு

வழக்கம்போல நான் காப்பித் தட்டோடு திரைக்குப் பின்னால். எஸ்டேட் ஐயா ஒரு வில்லையை எடுத்து, நாலாக மடித்து, கட்டை விரலால் பைப்புக்குள் அழுத்தினார். சார் மரியாதையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் நோட்டு திறந்து இருந்தது.

திரையை எப்படித் தாண்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. காப்பியை வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டியவள் திரும்பவில்லை. டப்பாவிலிருந்து ஒரு வில்லையை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். பேச வாய் வரவில்லை, கைதான் வந்தது. டப்பா மூடியில் உதிரியைப் பரப்பி, எஸ்டேட் ஐயா முன்னால் தள்ளினேன்.

நாலு முகமும் என் பக்கம் திரும்பின.

"காப்பி குடிச்சு முடிங்க. அப்புறமா இதை அடைங்க" என்றேன். யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

எஸ்டேட் ஐயா பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "ஏனம்மா, நீயும் பைப் பிடிப்பியா?"

"இல்லைங்க. நான் சாம்பல் கொட்டறவளுங்க."

டாக்டர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள் நான் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வைத்தேன். போன வாரத்துப் பதினேழு தீக்குச்சி. பக்கத்தில் பாதி எரிந்த வில்லை.

"இது உங்க தட்டுல இருந்ததுங்க. காலேஜ் ஐயா தட்டுல மூணுதானுங்க."

சாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எஸ்டேட் ஐயா குச்சிகளைப் பார்த்தார். வில்லையை எடுத்து நிமிண்டிப் பார்த்தார். பிறகு, அடைத்ததை மேஜை விளிம்பில் தட்டிக் கொட்டிவிட்டு, காப்பியை எடுத்துக் குடித்தார். அவர் குடித்ததைப் பார்த்து டாக்டரும் ஒரு வில்லையை எடுத்துக் கையில் தேய்த்தார். சோற்றில் நெய் பிசைகிற மாதிரி தேய்த்தார். பரவாயில்லை.

காப்பி முடிந்து, பேப்பரும் ஒரு சுற்று வந்த பிறகு அடைத்தார்கள். பற்றவைத்தார்கள். எஸ்டேட் ஐயா பழக்க தோஷத்தில் கன்னம் குழிய இழுத்தார்.

"இழுக்காதீங்க. பேசுங்க" என்றேன்.

"என்னத்தைப் பேச?"

"ஏதாவதுங்க. யானை வந்த கதை."

போன வாரம் அந்தக் கதையைப் பாதியில் விட்டிருந்தார். திரைக்குப் பின்னால் நானும் பாதியோடு நின்றிருந்தேன். அவர் ஆரம்பித்தார். தோட்டத்து வேலியை யானை எப்படிக் காலால் மிதித்துச் சாய்த்தது, பலாப்பழத்தை எப்படி உருட்டியது என்று சொல்லச் சொல்ல, பைப்பு தன்பாட்டுக்கு மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. நான் உள்ளே வந்துவிட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். யானை குட்டியோடு திரும்பிப் போனதைக் கேட்டேன். பிறகும் புகை வந்துகொண்டே இருந்தது. திரை வழியாக, பேக்கரி வாசனை.

இருவர் எழுதியதும் ஒருத்தி எழுதியதும்

சார் குளித்துவிட்டு வந்து நோட்டைப் பிரித்தார்.

டாக்டர்: "போன இரண்டு வாரம் எழுதியதை அடித்துவிடவும். கடித்தது புகையிலை இல்லை, என் அவசரம்."

எஸ்டேட் ஐயா: "இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு டப்பா கொடுத்தனுப்பவும்."

சார் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இத்தனை வருஷம் இலையை மோந்தேன், பொகையை மோந்தேன். சாம்பலைப் பார்க்கணும்னு தோணவே இல்லையே மாதம்மா" என்றார்.

"மூணு ஆம்பளைங்களும் நீங்களுமா மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டீங்க" என்றார் சரோஜம்மா. "அவ காப்பி ஆறதுக்குள்ள முடிச்சுட்டா. இனிமேலாவது என் இட்லிப் பானையைக் கொடுங்க."

பானை வரவில்லை. பைண்டிங்காரரும் வரவில்லை. பிரஸ் இன்னும் வேண்டியிருக்கிறது என்று சார் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எஸ்டேட் ஐயா அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு வந்தார். நோட்டில் ஒவ்வொரு தடவையும் 'ஒன்றும் இல்லை' என்றே எழுதினார். ஒவ்வொரு தடவையும் டப்பா வாங்கிப் போனார். பைப்பை வாயில் வைப்பதற்கு முன்னால் மட்டும் திரைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி.

சில நாள் கழித்து சார் அந்த நோட்டை என்னிடம் நீட்டினார். "நீயும் எழுது. தமிழ்லேயே எழுது."

"எனக்கு என்னங்க அபிப்பிராயம்? பிடிக்கறவங்க எழுதினாப் போதும்."

"பிடிக்கறவங்க எழுதினதைப் பார்த்தேனே. நீ எழுது."

பென்சிலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு காலை முழுக்க யோசித்து மூன்று வார்த்தை எழுதினேன். உதிர்த்து. ஆறவிட்டு. மெதுவாக.

அதை அச்சாபீசில் கொடுத்து, என் கையெழுத்தை அப்படியே பிளாக் எடுத்து, டப்பா மூடியின் உள்பக்கத்தில் ஒட்டுகிற சீட்டாகப் போட்டுவிட்டார் சார். மேலே கன்னடத்திலும் இங்கிலீஷிலும் நல்ல அச்செழுத்தில் அதே விஷயம். கீழே தமிழில் என் கோணல் எழுத்து. பேர் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

முதல் கட்டுச் சீட்டை ஒட்டியதும் நான்தான். கோந்து தடவி, மூடியில் வைத்து, கட்டை விரலால் அழுத்தி. இனிமேல் யார் டப்பாவைத் திறந்தாலும் நான்தான் முதலில் பேசுவேன். நான் அங்கே நிற்க வேண்டியதில்லை. யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. கை நடுங்கப் போவதில்லை.

எல்லாச் சீட்டும் ஒட்டி முடித்துவிட்டு எழுந்து, பிரஸ்ஸின் திருகை அன்றைய அரைச் சுற்று இறுக்கினேன்.